தலைவியரை உண்டாக்கிய ராப்பாடசாலை

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமை கோரி நடத்திய கிளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் ஊர்வலங்களையும் சிறைவாசத்தையும் பிரசங்கங்களையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அவ்வியக்கத்தின் வேரைத் தேடிச் செல்வோமானால், தென் கரோலினா மாகாணத்து ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டிலே போய் நிற்போம். 1957-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி இரவு, 14 பேர் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொள்ள அங்கே வந்து உட்கார்ந்தனர். கற்பித்தவர் பெர்னீஸ் ராபின்ஸன் என்னும் அம்மையார். அவர் உபாத்தியாயினி அல்லர். மாதர்க்குச் சிகை அலங்காரம் செய்து ஜீவனம் நடத்தியவர்.

அம்மாகாணத்தில் போதிய சொத்தில்லாதவர் வோட்டர் ஜாபிதாவில் இடம்பெற வேண்டுமானால், அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டியாக வேண்டும் என்பது அக்காலத்து விதி. கறுப்பினக் குழந்தைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் அளியாத சர்க்கார், அக்குழந்தைகள் வளர்ந்து வந்து உரிமை கேட்டபோது, “உனக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று வினவிய விநோதத்தை என்னென்பது!

தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குச் செல்வோரைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்றவர் ஈஸா ஜென்கின்ஸ். அவரிடம் ஆலிஸ் வைன் என்னும் மாது, தமக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் வோட்டராகிவிடுவதாகச் சொன்னார். ஜென்கின்ஸ் பஸ்ஸிலேயே கற்பித்தார். அம்மாது சட்டப் பகுதியை நெட்டுருப் போட்டு ஒப்பித்தார். ஆயினும் எழுத்து அறியவேண்டுமென்ற தாகம் அவருக்குத் தணியவில்லை. பாடசாலை வேண்டும் என்ற எண்ணம் இங்ஙனம் பிறந்தது.

அதை நிறைவேற்றி வைத்தவர் ஸ்ரீமதி செப்டிமா கிளார்க். 1916-ல் பதினெட்டு வயதுப் பெண்ணாக இதே தீவில் உத்தியோகம் ஏற்றவர். 132 குழந்தைகளுக்கு இரண்டு உபாத்தியாயினிகள். தலைமை வகித்த கிளார்க்குக்கு மாதம் 35 டாலர், மற்றவருக்கு 25. எதிர்ப்புறத்து வெள்ளையர் பள்ளியில் மூன்று குழந்தைகள். அங்கே சம்பளம் 85 டாலர்! கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர் அங்கத்தினராக இருத்தலாகாது என்று 1956-ல் அம்மாகாணம் சட்டம் செய்தது. ராஜீநாமாச் செய்ய மறுத்தார் கிளார்க். நாற்பதாண்டு உத்தியோகமும் பென்ஷனும் பறிபோயின. அதன்பின் டென்னஸி மாகாணத்து ஹைலாண்டர் பாடசாலையில் பயிற்சி வகுப்புகளை முழுநேரப் பணியாக ஏற்றார். 1955 கோடையில் அவர் அங்கே நடத்திய வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ரோஸா பார்க்ஸ். அவ்வருஷம் டிசம்பரில் மாண்ட்கமரி நகரத்துப் பஸ்ஸில் அவர் இடம் விட்டு எழ மறுத்ததை உலகமறியும்.

ஜான்ஸ் தீவுக்குத் தம் உறவினரான ராபின்ஸனைக் கிளார்க் தேர்ந்தெடுத்ததில் மிகுந்த யுக்தி உண்டு. கறுப்பின மாதரிடமே ஊதியம் பெறும் சிகை அலங்காரியை எந்த வெள்ளை எஜமானரும் வேலையினின்று நீக்க முடியாது. மேலும், எழுத்தறியாத முதியோரைச் சிறு பிள்ளைகளாகப் பாவிக்கும் வழக்கமும் அவரிடம் இல்லை. தாம் கற்பிக்க வந்தவரல்லவென்றும், எல்லோரும் ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வோமென்றும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். தங்கள் பெயரைத் தாமே எழுதுவது, மணியார்டர் பாரம் பூர்த்திசெய்வது, பிறகு அரசியல் சட்டம் - இதுவே பாடக்கிரமம். முன்கட்டில் மளிகைச் சாமான்கள் இருந்தபடியால், உள்ளே நடப்பது அயலார் கண்ணில் படவில்லை.

டென்னஸி சர்க்கார் ஹைலாண்டரை மூடிவிட முனைந்தபோது, 1961-ல் இவ்வேலை டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்த தென் பிரதேசக் கிறிஸ்தவத் தலைமை மகாநாட்டின் பொறுப்புக்கு மாறிற்று. 1957 முதல் 1970 வரை 897 பாடசாலைகள் நடந்தனவென்பது கிளார்க்கின் கணக்கு. அவற்றுக்கு ஆசிரியரானோரில் பெரும்பாலோர் சாமானிய மாதர். மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டில் உழைத்த பானி லூ ஹேமர் 1963 ஜூனில் இத்தகைய பயிற்சி பெற்றுத் திரும்பும் வழியில் வினோனா என்னும் ஊரில் கைதாகிச் சிறையில் குரூரமாக அடிக்கப்பட்டார். அடுத்த வருஷம் அட்லாண்டிக் ஸிட்டியில், ஜனநாயகக் கட்சி மகாநாட்டில், அக்கொடுமையை அவரே எடுத்துரைக்க, தேசம் முழுதும் கேட்டது.

இனிச் சொல்லப்போவது நம்மவருக்குக் கசக்கலாம். கிளார்க் அந்த மகாநாட்டின் நிர்வாகக் கமிட்டியிலும் அங்கம் வகித்தார். அவருக்கு அங்கே என்ன வேலையென்று சக தலைவரான ரால்ப் அபர்நாதி பலமுறை கேட்டாராம். எல்லா ஊர்வலங்களையும் தாமே நடத்தாமல், அந்தந்த ஊரிலேயே தலைவர்களைத் தயார் செய்யவேண்டுமென்று கிங்குக்கு அவர் கடிதம் எழுதினார். கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டது, கேட்டவர்கள் நகைத்தார்கள். வெள்ளையரிடம் சமத்துவம் கோரிச் சிறை சென்ற வீரர்களே அவர்கள்! கிங்கிடம் தமக்கிருந்த மதிப்பைக் கிளார்க் கைவிட்டாரில்லை. இயக்கத்தில் பெண்களின் யோசனைக்கு மதிப்பில்லை என்பதைச் சொல்லவும் தயங்கினாரில்லை.

1976-ல் தென் கரோலினா கவர்னர், கிளார்க்கை நீக்கியது அநீதி என்று ஒப்புக்கொண்டு பென்ஷனை மீட்டளித்தார். ஒருகாலத்தில் தம்மை வெளியேற்றிய சார்ல்ஸ்டன் பாடசாலைகளின் நிர்வாக போர்டுக்கே, எழுபது வயது கடந்தபின், ஜனங்களின் வோட்டினால் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்று அமர்ந்தார்.