கரும்பச்சை வயலும் கட்டாய பாட்டிலும்

ஊரிலேயே நம் சம்பாதான் கரும்பச்சையாக நிற்கிறது என்று பெருமைப்படும் வயலைத்தான் குலைநோய் முதலில் பிடிக்கிறது.

அந்தக் கரும்பச்சை, மிஞ்சிய யூரியாவின் நிறம். யூரியா மிஞ்சினால் இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும். பூசணத்துக்கு அதுவே தீனி. திசு இளசாகும், மேல்தோலில் சிலிக்கா படிவது குறையும். தூர் நெருங்கிக் காற்றோட்டம் அடைபட, இலையில் விழுந்த பனி காய நேரமாகும். ஓரம் பழுப்பாக, நடு சாம்பலாக, கண் வடிவில் புள்ளி விழுவது அதன்பிறகுதான். இலையுறை கருகலும் புகையானும் இதே வயலைத்தான் தேடி வரும்.

யூரியாவைக் குறைத்தால் மட்டும் தீராது. சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைந்த மண்ணில் செம்புள்ளி நோய் வரும். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டையோ பல மடங்கு விலை. கைக்கு எட்டியதை அள்ளிப் போடுகிறோம். விவசாயியைக் குறை சொல்வதைவிட இந்த விலை வித்தியாசத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மண் பரிசோதனைப்படி உரமிடுங்கள். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டை போதும்: காலை 8 முதல் 10 மணிக்குள், நம் நிழலில் இலையை மறைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால்தான் யூரியா. பொட்டாஷில் ஒரு பங்கைக் கதிர் உருவாகும் பருவத்துக்கு வையுங்கள். புள்ளி தெரிந்துவிட்டதா? அடுத்த யூரியாவை நிறுத்தி வையுங்கள், மருந்து அப்புறம்.

கடையில் உங்களுக்கு உரிமை உண்டு. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விலைப்பட்டியல் தொங்க வேண்டும், ரசீது தர வேண்டும். "இந்த பாட்டிலையும் வாங்கினாத்தான் யூரியா" என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நோய் பிடித்த வயலுக்கு என்று தலையில் கட்டப்படும் டானிக் பலவும் இப்படி வருபவைதான்.

உரம் கலப்படம் என்று தோன்றினால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆலோசனைக்கு 1800-180-1551. நஷ்டஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதுவரை ரசீதையும் மூட்டையில் மிஞ்சிய உரத்தையும் பத்திரப்படுத்துங்கள். காலிச் சாக்கைக் கழுவி நெல் கட்டிவிட்டால் ஆதாரம் போச்சு.