டூயல் பூட்: எரர் வந்தா 'எரேஸ்' பட்டனைத் தொடாதீங்க

போன எபிசோடில் விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்வது எப்படின்னு பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: "நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன், பாதியில எரர் வந்து நிக்குது." 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சதுக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாயிடுச்சு. அதனால இன்னைக்கு எரர்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதல்ல ஒரு கதை. எங்க சித்தப்பா சங்கரன்கோவில்ல கடை வச்சிருக்கார். அவர் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். வீட்ல இருக்கிறது ஒரே லேப்டாப். பகல்ல அவளோட புராஜெக்ட், ராத்திரி சித்தப்பாவோட கடைக் கணக்கு. ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் பண்றா. "அண்ணா, உபுண்டு போடலாம்னு உக்காந்தேன். இப்ப விண்டோஸும் வரல, உபுண்டுவும் வரல. ஸ்கிரீன் நீலமா வந்து நாப்பத்தெட்டு நம்பர் கேக்குது."

என்ன நடந்ததுன்னு ஒவ்வொண்ணா கேட்டேன். யாரோ ஒருத்தர் வீடியோவில் "முதல்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லியிருக்கார். இவளும் பயாஸுக்குள்ள போய் ஆஃப் பண்ணிட்டா. பென்டிரைவில் இருந்து உபுண்டு வந்தது. ஆனா இன்ஸ்டாலர், "இந்தக் கணினியில் பிட்லாக்கர் இருக்கு, விண்டோஸுக்குப் போய் அதை அணைச்சுட்டு வாங்க" என்று நிறுத்திடுச்சு. சரின்னு விண்டோஸுக்குப் போனா, அங்கே நீலத் திரை, ரெக்கவரி கீ கேக்குது. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. அடுத்து அவ கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு: "அண்ணா, இன்ஸ்டாலர்ல 'எரேஸ் டிஸ்க்'னு ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்தா சரியாயிடுமா?"

சரியாயிடும். உபுண்டு அழகா ஏறும். மூணு வருஷக் கடைக் கணக்கும், திங்கட்கிழமை காட்ட வேண்டிய புராஜெக்டும் அதோட போயிடும். "எதையும் தொடாதம்மா, பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணு" என்று சொன்னேன்.

இந்த நீலத் திரை ஏன் வருதுன்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம். இப்போ வர்ற பெரும்பாலான லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருந்தாலும், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் பிட்லாக்கர் ஓடிக்கிட்டு இருக்கும். நீங்க ஆன் பண்ணியிருக்கவே மாட்டீங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே நுழைஞ்ச அன்னைக்கே அது தானா ஆன் ஆகியிருக்கும். டிஸ்கில் இருக்கிறதெல்லாம் பூட்டி, சாவியை டிபிஎம் என்ற சிப்புக்குள்ள வச்சிடும். ஒவ்வொரு தடவை கணினியைப் போடும்போதும் அந்த சிப், நேத்து இருந்த மாதிரியேதான் எல்லாம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினா, அதோட கணக்கில் இது வேற வீடு. சாவி கொடுக்காது. 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும்.

அந்தக் கீ எங்கே இருக்கும்? முதல்ல லேப்டாப்பை செட்டப் பண்ணும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில். இங்கேதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. லேப்டாப் வாங்கின கடையிலேயே ஒரு பையன் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கான். எந்த மெயில் ஐடி போட்டான்னு சித்தப்பாவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இதைக் கேக்குற உங்களில் எத்தனை பேருக்கு உங்க லேப்டாப்பில் யாரோட ஐடி இருக்குன்னு தெரியும்? எபிசோட் முடிஞ்சதும் செட்டிங்ஸில் போய் ஒரு தடவை பார்த்துடுங்க.

நல்லவேளையா கீ இல்லாமலே வழி இருந்தது. அவ மாத்தினது ஒரே ஒரு விஷயம். அதைத் திருப்பி வச்சாப் போதும். பயாஸுக்குள்ள போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் பண்ணச் சொன்னேன். பண்ணினா. விண்டோஸ் எதுவுமே நடக்காத மாதிரி வந்து நின்னுச்சு. போனில் அந்தப் பக்கம் அவ விட்ட மூச்சு எனக்கு இங்கே கேட்டுச்சு.

இதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்றது இதுதான். டூயல் பூட்டில் எரர் வந்தா முன்னாடி போறதுக்கு வழி தேடாதீங்க. கடைசியா எதை மாத்தினோம்னு யோசிச்சு, அதைத் திருப்பி வைங்க. கையில் ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு, பயாஸில் மாத்துற ஒவ்வொண்ணையும் எழுதிக்கணும். போனில் போட்டோ எடுத்தாலும் சரி. இன்னொரு விஷயம்: உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாமே செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே ஏறும். அந்த வீடியோக்காரர் சொன்னது தேவையே இல்லாத வேலை.

விண்டோஸ் வந்ததும் முதல் வேலையா கீயை எடுத்து வச்சோம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாத் திறந்து, மேனேஜ் ஹைஃபன் பிடிஇ, ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் புரொடக்டர்ஸ், ஸ்பேஸ், ஹைஃபன் கெட், ஸ்பேஸ், சி கோலன். இப்படிக் கமாண்டை வாயால் சொல்றது கொடுமைதான், மன்னிச்சுக்குங்க. அது காட்டின 48 எண்ணையும் நோட்டில் எழுதினா. கடைக் கணக்கையும் புராஜெக்டையும் தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்தா. அதுக்கப்புறம்தான் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணினோம். இது உடனே முடியாது, டிஸ்க் முழுக்கப் பூட்டைத் திறக்கணும். சார்ஜரில் போட்டுட்டுத் தூங்கப் போகச் சொன்னேன்.

மறுநாள் வேற எரர். "அண்ணா, இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டல. பென்டிரைவ் மட்டும்தான் தெரியுது." இது இன்டெல் பிராசசர் இருக்கிற மெஷின்களில் நிறைய பேருக்கு வர்றது. பயாஸில் ஸ்டோரேஜ் மோட் 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' என்று இருந்தா, சில மெஷின்களில் லினக்ஸுக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது. அதை 'ஏஎச்சிஐ' என்று மாத்தணும். ஆனா சும்மா மாத்தினீங்கன்னா லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், விண்டோஸ் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று விழுந்துடும். அதுக்கு அந்த மோடுக்கான டிரைவரை ஏத்திக்கத் தெரியாது.

இதுக்கு ஒரு சுத்துவழி இருக்கு. விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணும்போதே நேரா பயாஸுக்குள்ள போய் ஏஎச்சிஐ-க்கு மாத்துங்க. விண்டோஸ் சேஃப் மோடில் வரும்போது தேவையான டிரைவரைத் தானே பிடிச்சுக்கும். பிறகு அந்த டிக்கை எடுத்துட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் சில நேரம் பின் எண் வேலை செய்யாது, அக்கவுன்ட் பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணும். பிட்லாக்கரை முதல்ல அணைச்சுட்டு வரச் சொன்னதுக்கும் இதுதான் காரணம். இல்லைன்னா இங்கேயும் நீலத் திரை வந்து உக்காந்துக்கும். உண்மையிலேயே ரெண்டு டிஸ்கைச் சேர்த்து ரெய்டு போட்டு வச்சிருக்கிறவங்க மட்டும் இதைச் செய்யாதீங்க, டேட்டா போயிடும்.

அடுத்தது கிரப் எரர். எல்லாம் காப்பி ஆகி, கடைசி நிமிஷத்தில் "கிரப்பை இன்ஸ்டால் பண்ண முடியவில்லை, இது ஃபேட்டல் எரர்" என்று வரும். படிக்கவே பயமா இருக்கும். நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் காரணம் ஒண்ணுதான்: விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருக்கு, பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கு. ரெண்டும் ரெண்டு மொழி பேசினா எப்படி? விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ 32' திறந்தா 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் யுஇஎஃப்ஐ என்று இருந்தா, ரூஃபஸில் பென்டிரைவ் தயாரிக்கும்போதும் ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்றே கொடுங்க. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரிஞ்சா, யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கிறதை எடுங்க.

பார்ட்டிஷனை நீங்களே பிரிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் போட்டு வச்ச இஎஃப்ஐ பார்ட்டிஷன் சின்னதா இருக்கும், நிறைய மெஷின்களில் 100 எம்பிதான். அதை ரெண்டு சிஸ்டமும் பங்கு போட்டுக்கும். அதைத் தேர்ந்தெடுக்கணும், ஃபார்மட் பண்ணக் கூடாது. ஃபார்மட் டிக் விழுந்துதுன்னா விண்டோஸ் கிளம்புற வழியே போயிடும்.

இடம் ஒதுக்கும்போது வர்ற குழப்பம் ஒண்ணு இருக்கு. டிஸ்கில் 200 ஜிபி காலியா இருக்கும், ஆனா டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க்' கொடுத்தா கொஞ்சம்தான் தருவேன்னு அடம்பிடிக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் மாதிரி நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உக்காந்திருக்கிறதுதான் காரணம். பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ் எச், ஸ்பேஸ், ஆஃப் என்று அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்தா ஹைபர்னேஷன் போயிடும். பேஜ் ஃபைலையும் தற்காலிகமா அணைச்சு, ரீஸ்டார்ட் பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க. ஹைபர்னேஷன் போனா 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதும் சேர்ந்து போகும். அது ஆன்ல இருந்தா நீங்க ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அப்போ லினக்ஸில் விண்டோஸ் டிரைவைத் திறந்தா, படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

'எரர்னோ 5, இன்புட் அவுட்புட் எரர்' வந்து, சிடி டிரைவ் கெட்டிருக்கலாம்னு சொன்னா சிரிச்சுக்குங்க. அந்தக் காலத்து வாசகம். உங்க லேப்டாப்பில் சிடி டிரைவே இருக்காது. பென்டிரைவ் மோசம், அல்லது டவுன்லோட் பாதியில் கெட்டிருக்கு. எஸ்எச்ஏ 256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்க, இல்லைன்னா வேற பென்டிரைவ் மாத்துங்க. ரெண்டும் சரின்னா ஹார்ட் டிஸ்கைச் சந்தேகப்படலாம்.

ஏற்கெனவே நல்லா ஓடிக்கிட்டிருந்த டூயல் பூட் திடீர்னு நிக்கிறதும் உண்டு. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நிறைய பேருக்கு, 'எஸ்பேட்' சோதனை தோத்துடுச்சுன்னு சொல்லி லினக்ஸ் கிளம்பவே இல்லை. பழைய பூட்லோடர்களைத் தடுக்க வந்த பாதுகாப்பு மாற்றம், லினக்ஸ் இருந்த கணினிகளிலும் போய் விழுந்துடுச்சு. அங்கேயும் யாரும் எதையும் அழிக்க வேண்டியிருக்கல. டேட்டா அப்படியே இருந்தது, பூட்டு மட்டும் மாறியிருந்தது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். மூணாவது நாள் உபுண்டு ஏறிடுச்சு. கிரப் மெனுவில் ரெண்டு பெயரும் தெரியுற போட்டோவை அனுப்பியிருந்தா. நானும் நிம்மதியா இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு சித்தப்பா போன் பண்றார். "ஏய், கணக்கு எழுதுறப்ப நேரம் தப்பா விழுதுடா. ராத்திரி ஒம்பது மணிக்கு மத்தியானம் மூணரைன்னு காட்டுது."

சரியா அஞ்சரை மணி நேரம் பின்னால. லினக்ஸ், மதர்போர்டில் இருக்கிற கடிகாரத்தை யுடிசி நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து, டைம்டேட்சிடிஎல், ஸ்பேஸ், செட் ஹைஃபன் லோக்கல் ஹைஃபன் ஆர்டிசி, ஸ்பேஸ், ஒண்ணு என்று போடச் சொன்னேன். அதுக்கப்புறம் விண்டோஸில் ஒரு தடவை நேரத்தைச் சரி பண்ணினா. ரெண்டு பக்கமும் ஒத்துப்போச்சு.

"இந்த உபுண்டுல நம்ம கணக்கு சாஃப்ட்வேர் ஓடுமாடா?" என்று சித்தப்பா இப்போ கேட்டுக்கிட்டு இருக்கார். அதை அடுத்த எபிசோடில் பார்ப்போம். உங்க கணினியில் வந்த எரரை அனுப்புறவங்க, "ஏதோ எரர்" என்று மட்டும் எழுதாம, திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.