கண் எரிச்சலும் இரவுத் தூக்கமும்

அறுவடைக் காலத்தில் கண் சிவந்திராத உழவரைக் காண்பது அரிது. பகல் முழுதும் களத்துத் தூசியில் நின்று, இரவில் முறைத் தண்ணீருக்காக மடையருகே விழித்திருப்பவரைக் கேட்டால், “தூக்கம் கெட்டது, கண் எரிகிறது” என்பார். இதில் உண்மையுண்டு; ஆயினும் இதையே நம்பி வாளாவிருந்து பார்வையை இழந்தோரும் உளர்.

கருவிழியின்மீது மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்பொழுதும் பரவியிருக்கிறது. இமை விளிம்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் கசியவிடும் எண்ணெய், அப்படலம் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. நாம் இமைக்கும்தோறும் படலம் புதுப்பிக்கப்படுகிறது; உறக்கத்திலோ மூடிய இமையே கண்ணுக்குப் போர்வை. உறக்கம் இழந்தால் கண்ணீர் சுரப்பது குறைந்து, எஞ்சிய கண்ணீரின் உப்புச் செறிவு மிகுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அவ்வாறு உலர்ந்த கண் உறுத்துவதால் மறுநாள் இரவும் உறக்கம் கெடுகிறது. சிலருக்கு உறங்கும்போதும் இமை முழுதும் மூடுவதில்லை. காலையில் எழுந்தவுடன் எரிச்சல் மிகுந்திருப்பின், வீட்டார் ஒருவர் இரவில் விளக்கொளியில் கவனித்தால் இது தெரிந்துவிடும். சளிக்கும் அரிப்புக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளுள் சில, தூக்கத்தை அளித்தாலும் கண்ணை உலர்த்துபவை என்பதையும் அறிதல் நன்று.

வறட்சி மட்டுமெனில் பரிகாரம் எளிது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமீது சில நிமிடங்கள் வைக்கலாம். மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே படாதவாறு படுக்கலாம். களத்தில் கண்ணாடி அணியலாம். விளக்கெண்ணெயும் தழைச்சாறும் கண்ணில் விடத்தக்கவை அல்ல.

அஞ்ச வேண்டியது வேறொன்று. நெல்தாளோ சோளத் தோகையோ கீறிய கண்ணில் பூஞ்சை புகுந்து கருவிழிப் புண்ணாகும். 1993ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. தூக்கமின்மையால் வரும் எரிச்சல் பெரும்பாலும் இரு கண்களிலும் இருக்கும், ஓய்வெடுத்தால் தணியும். ஒரு கண் மட்டும் வலித்து, வெளிச்சத்தைப் பொறுக்காமல், பார்வை மங்கினால் அது தூக்கக் குறைவன்று. அந்நிலையில் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, சிவப்பைத் தணித்துவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். அத்தகையவர் மறுநாள் வேலையைக் கருதித் தயங்கின், பஞ்சாயத்து உறுப்பினர்களே அவரை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பி வைத்தல் வேண்டும். மருத்துவர் கண்ணில் சாயம் இட்டு நீல ஒளியில் நோக்குவார். கீறலோ புண்ணோ இருப்பின் அவ்விடம் பச்சையாக ஒளிரும். இப்பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.