உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோயும் இதயமும்

◆ புகையிலை, மது, உடல் பருமன், சர்க்கரை நோய், உடலுழைப்பு இல்லாமை. இதய மருத்துவர் எச்சரிக்கும் இவை அனைத்தையும் புற்றுநோய் மருத்துவரும் எச்சரிக்கிறார். அதனால்தான் கீமோவுக்கு வரும் பலருக்கு பிரஷரும் சர்க்கரையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

◆ டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து செக்கச்செவேல் என்றிருக்கும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். அது ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். 1950களில் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியின் வழி வந்த மருந்து இது. மார்பகப் புற்றுநோய், லிம்ஃபோமா என்று எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது. இதயத் தசை செல்கள் அழிந்தால் பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை என்பதால், இந்த மருந்துக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கு வைக்கிறார்கள். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் சேர்ந்தால் 100 பேரில் சுமார் 5 பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர் வரலாம். 550 ஆனால் சுமார் 26 பேருக்கு என்கிறது 2003இல் வெளியான ஓர் ஆய்வு. பத்து வருடம் கழித்து வேறு மருத்துவமனைக்குப் போனாலும் இந்தக் கணக்கு தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

◆ மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 வகைக்குத் தரும் டிராஸ்டுஸுமாப் ஊசியும் இதயத்தின் பம்ப் வேலையைக் குறைக்கக்கூடும். நல்ல செய்தி, நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடுகிறது. சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தள்ளிப் போடுவது தவறு. மூச்சு வாங்குவதற்கு முன்பே எக்கோவில் மாற்றம் தெரிந்துவிடும்.

◆ இடது மார்பகத்துக்கு ரேடியேஷன் தரும்போது மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், சுமார் 20 வினாடி. நுரையீரல் விரிந்ததும் இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிப் போகும். கதிர் இதயத்தில் படுவது குறையும். அந்தச் சில சென்டிமீட்டருக்கு மதிப்பு அதிகம். இதயத்தில் சராசரியாகப் படும் ஒவ்வொரு கிரே (கதிர் அளவின் அலகு) கதிருக்கும் மாரடைப்பு போன்ற பாதிப்புகளின் அபாயம் 7.4 சதவீதம் கூடுவதாக 2013இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சிகிச்சை முடிந்து 20 ஆண்டு கடந்த பிறகும் அந்த அபாயம் நீடித்தது.

◆ குடல் புற்றுநோய்க்குத் தரும் ஃப்ளூரோயுராசில், கேபசிடபின் மருந்துகள் சிலருக்கு இதய ரத்தக்குழாயைத் திடீரென்று இறுக்கிவிடும். குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் நெஞ்சு வலிக்கும். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

◆ இதற்கெல்லாம் பயந்து கீமோவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோயை விட்டுவைப்பதுதான் பெரிய ஆபத்து. தொடங்கும் முன் ஒரு இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு: பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்.

◆ சிறு வயதில் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்ட பெண், வளர்ந்து தாயாகப் போகும்போது மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும். அதைத் தாங்குமா என்பதை முன்கூட்டியே ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்.