கித்தா ஒட்டும் நட்சத்திரக் கள்ளியும்

சுங்கைப்பட்டாணியில் என் வீட்டு முன்வாசலில் ஒரு செடி இருக்கிறது. மூன்று வருடமாகியும் ஐம்பது காசு நாணயத்தின் அகலத்தைத் தாண்டவில்லை. முள் கிடையாது. எட்டாக வகிர்ந்த பணியாரம் மாதிரி உருவம், மேலே சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைப் பொட்டுகள். பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்டிக்கா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பெயர் சூப்பர் கபுத்தோ, நட்சத்திரக் கள்ளியில் ஒரு ரகம்.

கபுத்தோ என்றால் ஜப்பானியப் போர்வீரனின் தலைக்கவசம். காட்டு இனத்தின் பெயர் அஸ்ட்ரோபைட்டம் அஸ்டீரியாஸ். 1845இல் ஜெர்மானியரான சுக்காரினி முதலில் விவரித்தது. மெக்சிகோவின் வடகிழக்கிலும் டெக்சாஸின் தென்முனையிலும் மட்டுமே தானாக வளரும். காட்டுச் செடியில் பொட்டுகள் சிறியவை. பொட்டு பெரிதாக, நெருக்கமாக விழுந்த செடிகளை ஜப்பானியர் பொறுக்கி வளர்த்ததில் வந்தது இந்த ரகம். ஒவ்வொரு பொட்டும் நுண்மயிர்க் கொத்து. வெயிலைத் தடுக்கும் குடை. நம் ஊர்க் கள்ளிக்கு இது உறவில்லை. அதைக் கிள்ளினால் பால் வடியும், இதைக் கீறினால் ஈரம் மட்டும்தான்.

பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்று இந்தச் செடி இரவில்தான் துளை திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமிக்கும். மறுநாள் வெயிலில் அதைச் சமைக்கும். சேமிக்க முடிந்த அளவுக்குத்தான் வளர்ச்சி. வறட்சி முற்றினால் உடம்பு சுருங்கி மண்மட்டத்துக்கு இறங்கிவிடும். சொந்த ஊரில் வருடத்துக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழைதான். எங்கள் கெடாவிலோ 2000ஐத் தாண்டும். இங்கே அதைக் கொல்வது வெயில் அல்ல, வேரழுகல்.

விதையிலிருந்து சொந்த வேரில் வளர்ந்தால் பூக்க ஐந்து வருடம், அதற்கு மேலும் ஆகலாம். இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வித்தை தோட்டத்து ஆட்களுக்குப் பழகியதுதான்: ஒட்டு. 1910களில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவா, சுமத்ரா பக்கம் உருவாகி மலாயாவுக்கு வந்தது கித்தா (ரப்பர்) ஒட்டு. நாற்றின் பட்டையைக் கதவு போலக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டை உள்ளே வைத்துக் கட்டி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற கித்தா ரகத்து மரங்கள் எல்லாமே ஒரே மரத்தின் நகல்கள். அதன் விதையைப் போட்டால் அதே மரம் வராது. சூப்பர் கபுத்தோவும் அப்படித்தான். விதைக் குஞ்சுகளில் பொட்டு ஒன்றில் பெரிது, ஒன்றில் சிறிது. அதே முகம் வேண்டுமென்றால் செடியின் தலையைச் சீவி, அடிப்பாகத்தில் கிளம்பும் குட்டிகளை எடுத்து ஒட்ட வேண்டும். ஆசையாக வளர்த்ததன் தலையில் கத்தி வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தாங்கும் செடியாக டிராகன் பழக் கொடியே போதும். இரண்டையும் மட்டமாக வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் சத்தும் ஓடும் குழாய்களின் வளையம். குட்டியின் வளையம் சிறியது. அதனால் நட்டநடுவில் வைத்தால் ஒட்டாது. இரு வளையங்களும் ஓரிடத்திலாவது வெட்டிக்கொள்ளும்படி சற்றே தள்ளி வைக்க வேண்டும். பிறகு அசையாமல் இழுத்துக் கட்டுவது ரப்பர் வளையம். கித்தா இங்கேயும் வந்துவிட்டது!

ஒட்டுச் செடி ஓரிரு வருடத்திலேயே பூக்கும்: மஞ்சள் இதழ், செந்நிற அடி. ஆனால் தீனி அதிகமாகி உருண்டு உப்பிவிடும். அந்தத் தட்டையான அழகு போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. அளவு வந்ததும் அறுத்தெடுத்து, வெட்டுவாய் காய்ந்தபின் சொந்த வேர் விட வைப்பவர்களும் உண்டு.

டெக்சாஸில் பெயோட்டி என்ற போதைக் கள்ளியைத் தேடுகிறவர்கள், சாயல் ஒன்றாக இருப்பதால் இதையும் பிடுங்கிவிடுகிறார்கள். 1993இல் அமெரிக்கா இதை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான காப்புப் பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்து நாற்றுப்பண்ணையில் முளைத்த குட்டியாக இருந்தாலும், புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் பையில் போட்டுக்கொண்டு சும்மா வர முடியாது, காகிதம் வேண்டும்.

மண் என்று பார்த்தால், நொறுக்கிய செங்கலும் எரிமலைக் கல்லும் முக்கால் பங்கு. மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை. கித்தா மரங்கள் இலை கொட்டும் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மண் முழுக்கக் காய்ந்தபின் தாராளமாக ஊற்றலாம். செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். காற்றில் இருக்கிற ஈரமே அதற்கு அதிகம்.