மைவியில் கூடுதல் சக்தி: கணக்கு என்ன சொல்கிறது?

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொட்டி, தன் மூன்றாம் தலைமுறை மைவி 1.5 காரின் இயந்திரத்தை நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை ஓடவைக்க நினைக்கிறான் என் நண்பன். இயந்திரப் பொறியியல் படிக்கும் என்னிடம் யோசனை கேட்டான். இருவரும் கணக்குப் போட்டோம்.

அதன் சிலிண்டர் விட்டம் 72.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம், அதாவது வீச்சு, 90.6 மில்லிமீட்டர். விட்டத்தைவிட வீச்சு அதிகம். ஆகவே இது நீள்வீச்சு இயந்திரம். 6,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீட்டர். 8,000 சுற்றில் 24 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால், கனெக்டிங் ராட் தாங்கவேண்டிய இழுவிசை சுற்றுவேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. அது முறிந்தால் இயந்திரமே போச்சு!

வேறு வழி? டர்போ இல்லாத இயந்திரம் தானாகவே மூச்சிழுக்கிறது. அந்த மூச்சைச் சுலபமாக்கலாம். சிலிண்டர் குறுகலானதால் பெரிய வால்வுக்கு இடமில்லை. எனவே, காற்று நுழையும் பாதையைச் சீராக்குவது, நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர், அதற்கேற்ற இசியூ டியூனிங் ஆகியவையே கைகொடுக்கும். கிடைப்பது சில குதிரைத்திறன்தான். அதற்கும் ஜேபிஜே விதிகளை முதலில் பார்க்கவேண்டும்.

நண்பர்களே, பட்டறைக்குப் போகுமுன் உங்கள் காரின் விட்டத்தையும் வீச்சையும் தெரிந்துகொள்ளுங்கள். கால்குலேட்டருக்குச் செலவில்லை.