சிங்கப்பூரில் 6,000 டாலர் சம்பளம்... குடும்பத்தோடு போனால் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

மாதம் 5,800 சிங்கப்பூர் டாலர். இப்படி ஒரு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் யாராக இருந்தாலும் முதலில் செல்போனில் கால்குலேட்டரைத்தான் திறப்பார்கள். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 3 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய் வருகிறது. திருச்சியிலோ கோவையிலோ இந்தப் பணத்தில் ஒரு குடும்பம் ராஜ வாழ்க்கை வாழலாம். ஆனா செலவும் டாலரில்தான் என்பது அங்கே போய் இறங்கி முதல் மாத வாடகை கொடுக்கும்போதுதான் உறைக்கும்.

அப்படியென்றால் சிங்கப்பூரில் நிம்மதியாக வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும்? தனியாகப் போகிறீர்களா, குடும்பத்தோடா என்பதைப் பொறுத்து இதற்கான பதில் தலைகீழாக மாறும்.

உலகத்திலேயே காஸ்ட்லி நகரமா?

2023-ல் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் ஜூரிச்சும் சேர்ந்து முதலிடம். 2024-ல் மெர்சர் நிறுவனத்தின் பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்த இடம். இந்தப் பட்டியல்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. சிங்கப்பூர் மேலே நிற்பதற்கு ஒரு பெரிய காரணம் கார். அங்கே கார் வாங்க வேண்டுமானால், முதலில் 10 வருடத்துக்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான இந்தச் சான்றிதழ் மட்டுமே ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. இது கார் விலை இல்லை, காரை ரோட்டில் இறக்குவதற்கான அனுமதி மட்டும்தான்!

வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுக்காரர் யாரும் கார் வாங்கப் போவதில்லை. மெட்ரோவும் பஸ்ஸும் தீவு முழுக்கப் போகின்றன, மாதம் 100 முதல் 130 டாலருக்குள் வேலை முடிந்துவிடும். உணவங்காடி நிலையங்களில் 4 முதல் 6 டாலருக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம். லிட்டில் இந்தியா பக்கம் போனால் தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை முதல் ஆட்டுக்கறி வரை எல்லாம் கிடைக்கும். 90 சதவீதத்துக்கும் மேல் உணவு இறக்குமதிதான் என்றாலும், சாப்பாட்டுச் செலவு யாரையும் கவிழ்ப்பதில்லை. கவிழ்ப்பது வாடகை.

தனி ஆள் கணக்கு

5,800 டாலர் வாங்கும் ஒருவர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு தனியாகத் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு அறை மட்டும் வாடகைக்கு எடுத்தால் சுமார் 1,100 டாலர். சாப்பாடு 600, போக்குவரத்து 120, செல்போன் 30, கைச்செலவு 300. வருமான வரியை மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 210. மொத்தம் 2,360 டாலர்.

மிச்சம் 3,440. ரூபாயில் 2 லட்சத்து 23 ஆயிரம். அறையைப் பகிர்ந்துகொண்டால் இன்னும் கூடும். சிகரெட் பழக்கம் இருந்தால் குறையும், அங்கே ஒரு பாக்கெட் 15 டாலர் பக்கம்!

ஆக, தனி ஆளுக்கு 4,500 டாலர் சம்பளமே தாராளம். சிக்கல், அந்த மனிதர் மனைவியையும் குழந்தையையும் அழைத்து வர நினைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

6,000 டாலர் என்ற கோடு

குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள டிபென்டன்ட் பாஸ் வேண்டும். அதற்கு அரசு வைத்திருக்கும் தகுதி, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர். போனஸ், ஓவர்டைம் எல்லாம் இதில் சேராது. 5,800 வாங்குபவருக்கு 200 டாலர் குறைகிறது. அவ்வளவுதான், குடும்பம் ஊரில்தான்.

இங்கே பாஸ் வகையையும் பார்க்க வேண்டும். இ பாஸ் எனப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 டாலர். நிதித்துறை என்றால் 6,200. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும், 45 வயதில் 10,700 வரை போகிறது. அதனால் 30 வயதைத் தாண்டியவருக்கு 5,800 டாலரில் கிடைப்பது பெரும்பாலும் எஸ் பாஸ்தான். எஸ் பாஸ், இ பாஸ் எதுவானாலும் குடும்பத்துக்கு அதே 6,000 டாலர் விதிதான். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற இடங்களில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தக் கதவே கிடையாது. அவர்கள் குடும்பத்தை அழைத்து வர அனுமதி இல்லை, தங்குவது பெரும்பாலும் தொழிலாளர் விடுதிகளில். நிம்மதியான வாழ்க்கைக்கு எவ்வளவு என்ற கேள்வியே அவர்களிடம் வேறு மாதிரி இருக்கும்.

சரி, பேரம் பேசி 6,000 டாலர் வாங்கிவிட்டார். மனைவி, பள்ளி போகும் ஒரு குழந்தையோடு குடியேறுகிறார். இப்போது கணக்கு என்ன ஆகிறது?

முழு வீவக வீடு, நகர மையத்தை விட்டு உட்லண்ட்ஸ், பொங்கோல் மாதிரி தள்ளிப் போனாலும் சுமார் 3,200 டாலர். மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் 250. மளிகை, சாப்பாடு 1,000. போக்குவரத்து 220, இரண்டு செல்போன் 60. குடும்பச் சலுகைகள் கழித்து வரி சுமார் 190. அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் கட்டணம் 900 டாலருக்குக் குறையாது. கூட்டினால் 5,820.

மிச்சம் 180 டாலர். ரூபாயில் 11,700.

சம்பளம் 200 டாலர் கூடியிருக்கிறது. மிச்சம் 2 லட்சத்து 23 ஆயிரத்திலிருந்து 12 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதில் ஊருக்குப் பணம் அனுப்புவது, தீபாவளிக்கு மூன்று பேருக்கு திருச்சி ஃப்ளைட் டிக்கெட், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் என எதுவும் சேர்க்கப்படவில்லை. எஸ் பாஸ்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை, ஆனால் அது ஊழியருக்கு மட்டும்தான். இ பாஸ்காரருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

6,000 டாலர் என்பது குடும்பத்தை அழைத்து வருவதற்கான தகுதி மட்டும்தான். அந்தப் பணத்தில் குடும்பம் நடத்தலாம் என்பதற்கான உத்தரவாதம் இல்லை.

உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2024-ல் முழுநேர வேலையில் இருக்கும் சிங்கப்பூர்வாசிகளின் இடைநிலை மாத வருமானம் 5,500 டாலர், அதுவும் சேமநிதிக்கு முதலாளி போடும் பங்கையும் சேர்த்து. அதாவது பாதிப் பேர் அதற்கும் கீழேதான் வாங்குகிறார்கள். அவர்கள் வாழும்போது நம்மால் முடியாதா என்று கேட்கத் தோன்றும்.

சம்பளம் ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றாக இருக்காது. அங்கே குடியிருப்போரில் கிட்டத்தட்ட 90 சதவீதக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. வீட்டுக் கடன் இருந்தாலும் அதைச் சேமநிதியிலிருந்தே கட்டலாம். குடிமக்களின் குழந்தைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் கட்டணமே கிடையாது, சில்லறைக் கட்டணம் மட்டும்தான். இந்தியக் குழந்தைக்கு அதே பள்ளியில் மாதம் 900-க்கு மேல். ஆசியான் நாட்டுக் குழந்தைகளுக்குக்கூட இதைவிடக் குறைவு. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் மட்டும் 4,100 டாலர். உள்ளூர்க்காரருக்கு இந்த இரண்டுமே பெரிய பாரம் இல்லை.

அவர்களுக்கும் எல்லாம் எளிது என்று சொல்லிவிட முடியாது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, சாதாரண மக்களையே குழுவாக உட்கார வைத்து, கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பேச வைத்தது. 7 முதல் 18 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்கும் தம்பதிக்கு மாதம் 6,426 டாலர் தேவை என்று முடிவு வந்தது. டியூஷன், நகை, வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம் அத்தியாவசியமா என்று நிதியமைச்சு எதிர்க்கேள்வி கேட்டது. எது தேவை, எது ஆடம்பரம் என்ற சண்டை அங்கேயும் தீரவில்லை.

மனைவியும் வேலைக்குப் போனால்?

பலரும் நம்பிப் போவது இதைத்தான். முன்பு டிபென்டன்ட் பாஸில் இருப்பவர், ஒரு ஒப்புதல் கடிதம் பெற்றே வேலை பார்க்க முடிந்தது. 2021 மே 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. இப்போது அவரும் தனியாக இ பாஸோ எஸ் பாஸோ வாங்க வேண்டும், அதற்கான சம்பளத் தகுதியும் வேண்டும். கிடைத்தால் குடும்பக் கணக்கே மாறிவிடும். ஆனால் கிடைக்கும் என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடக் கூடாது.

பள்ளி விஷயமும் அப்படித்தான். முதலாம் வகுப்புச் சேர்க்கையில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்தது போக மீதி இடம்தான் மற்றவர்களுக்கு. கிடைக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளி, அதற்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும்.

அப்போ எவ்வளவு இருந்தால் போகலாம்?

குழந்தை இல்லாத தம்பதிக்கு, சின்ன வீடாக 2,700 டாலருக்குப் பார்த்தால், 6,500 சம்பளத்தில் மாதம் 2,000-க்கு மேல் மிஞ்சும். பள்ளிக் குழந்தை இருந்தால் 8,500 டாலருக்குக் கீழே போவது ரிஸ்க். 8,500 என்றால் வரி, காப்பீடு, ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் போக 1,800 டாலர் பக்கம் நிற்கும். அதற்குக் குறைவாக இருந்தால், முதல் ஒரு வருடம் தனியாகப் போய் அறை எடுத்துத் தங்கி, சம்பளம் உயர்ந்த பிறகு குடும்பத்தை அழைப்பதுதான் கையைக் கடிக்காத வழி. பிரிந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு வருடச் சேமிப்பு 25 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

கிளம்பும் முன் கையில் வைத்திருக்க வேண்டிய பணமும் சின்னதில்லை. 3,200 டாலர் வீட்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால், வழக்கமாக இரண்டு மாத அட்வான்ஸ் 6,400, முதல் மாத வாடகை 3,200, வாடகைக்கு இருப்பவர் கட்ட வேண்டிய முத்திரை வரி சுமார் 307. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே 9,900 டாலர், அதாவது 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போய்விடும். இன்னொன்று, மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்கள் முழு வீவக வீடு எடுக்க ஒதுக்கீடு உண்டு. பேட்டைக்கு 8 சதவீதம், ஒரு கட்டடத்துக்கு 11 சதவீதம். அந்த அளவு நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் தயாராக இருந்தாலும் கிடைக்காது. அறை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வரியும் நம்மூர் மாதிரி மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படாது. அடுத்த வருடம் மொத்தமாக நோட்டீஸ் வரும், தவணையிலும் கட்டலாம். வேலையை விட்டு நாடு திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை கம்பெனி நிறுத்தி வைக்கும். ஊருக்கு வரும் மாதத்துக்கான செலவை அதை நம்பாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.